கொன்றது யார்? ஒரு கேள்வி பிறந்த கதை

2023 ஏப்ரல் கடைசியில் ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரண்டாம் பாகம் வந்த வாரம், மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படியில் ஒரு கொலை வழக்கு விசாரணைக்கு வந்தது. இறந்தவன் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன். “அவனேதான் சாகணும்னு முடிவு பண்ணிட்டுப் போனான், நந்தினி மேல தப்பே இல்ல” என்றான் கல்லூரியில் படிக்கும் பையன். மூன்றாம் மாடி மாமி விடவில்லை. “புஸ்தகத்தைப் படிச்சுட்டு வாடா. அங்க விளக்கு அணைஞ்சுடறது. இருட்டுல என்ன நடந்ததுன்னு பக்கத்துல இருந்தவனுக்கே தெரியலை.” கீழ்வீட்டுப் பெரியவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “உத்தம சோழனை விட்டுட்டு மத்த எல்லாரையும் பிடிக்கறேள்.”

மூன்றும் மூன்று காலத்தில் பிறந்த பதில்கள். பையனுடைய பதிலுக்கு அன்று வயது ஒரு வாரம். மாமியின் பதில் 1950களின் முற்பகுதியைச் சேர்ந்தது. பெரியவரின் பதில் அதற்கும் முந்தியது, 1930களில் வரலாற்றாசிரியர் ஒருவர் எழுப்பிய ஐயம். கேள்விக்கோ ஆயிரம் வயது தாண்டிவிட்டது.

அது பிறந்த இடம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1920இல் கல்வெட்டுத் துறை அதைப் படியெடுத்தது. இராசகேசரி என்று மட்டும் குறிப்பிடப்படும் மன்னனின் 2ஆம் ஆட்சியாண்டு. அறிஞர்கள் அவனை முதலாம் இராசராசன் என்று கொள்வதால் ஆண்டு ஏறத்தாழ 987. கல்வெட்டின் நேரடிச் செய்தி நிலம் வாங்கி அறக்கொடை வைத்தது. அந்த நிலம் எப்படி விலைக்கு வந்தது என்று சொல்லும் இடத்தில்தான் கொலை எட்டிப்பார்க்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சிலருடைய பெயர்கள் வருகின்றன: சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன். இவர்களுடைய உடைமைகளையும் உறவினர்களுடைய உடைமைகளையும் கைப்பற்றச் சொல்லி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசாணை போகிறது.

அவ்வளவுதான். ஏன் கொன்றார்கள், எங்கே கொன்றார்கள், ஏவியவர் யார், ஒன்றும் இல்லை. ஆனால் பெயர்களைப் பாருங்கள். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். இருமுடிச்சோழன் என்பது சோழப் பட்டம். ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவன் பெயரில் பாண்டியன், இன்னொருவன் பெயரில் சோழன். வீரபாண்டியனின் தலையை ஆதித்தன் கொய்ததற்குப் பழிவாங்கிய பாண்டிய ஆட்கள் என்று சொல்பவர்கள் முதல் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். சோழ அரண்மனைக்குள்ளேயே நடந்த சதி என்பவர்களுக்கு இரண்டாவது பெயர். பாண்டியரை வென்ற பெருமைக்காகச் சோழர்களே பஞ்சவன் என்ற பட்டத்தைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டால் முதல் கட்சி ஆட்டம் காண்கிறது. இவ்வளவு விவாதத்துக்கு இடம்கொடுக்கும் வேறொரு கல்வெட்டை நான் அறியேன்.

இந்தக் கல்லைப் புத்தகத்துக்குக் கொண்டுவந்தவர் மயிலாப்பூரில் வாழ்ந்த கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி. மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் ஐந்தாவது நிலையம் சேப்பாக்கம். அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் இந்திய வரலாற்றுத் துறைப் பேராசிரியராக இருந்தார். உடையார்குடிக் கல்வெட்டை ‘எபிகிராபியா இண்டிகா’ 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். 1935இல் வெளிவந்த சோழர் வரலாற்று நூலில் தன் ஐயத்தைச் சொன்னார். ஆதித்தன் இறந்தது 970ஐ ஒட்டி. அடுத்துப் பட்டத்துக்கு வந்தவன் பின்னாளில் இராசராசனான தம்பி அருள்மொழி அல்ல, சிற்றப்பன் முறையான உத்தம சோழன். அவன் 985 வரை ஆண்டான். அவன் காலத்துக் கல்வெட்டுகளில் இந்தக் கொலைக்காகத் தண்டனை கொடுத்த செய்தி இல்லை. அது இராசராசன் வந்த பிறகே தெரியவருகிறது. குடிமக்கள் அருள்மொழியை ஆளச் சொன்னபோது, சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை வேண்டாம் என்று அவன் மறுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்கின்றன. இவற்றைச் சேர்த்துப் பார்த்த சாஸ்திரிக்கு உத்தம சோழனைக் குற்றத்திலிருந்து முற்றிலும் விடுவிக்க மனம் வரவில்லை. எங்கள் கீழ்வீட்டுப் பெரியவரின் கட்சி இங்கேதான் பிறந்தது.

மறுகட்சிக்கும் நல்ல வக்கீல் கிடைத்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தி.வை.சதாசிவ பண்டாரத்தார், 1949இல் வந்த ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ முதல் பகுதியில், உத்தம சோழன்மீது இந்தப் பழியைச் சுமத்துவதை ஏற்கவில்லை. இந்தக் கட்சியின் வலுவான சான்று எனக்கு எப்போதுமே ஒன்றுதான்: உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசனின் ஆட்சியில் உயர்ந்த பொறுப்பில் இருந்திருக்கிறான். அண்ணனைக் கொன்றவனின் மகன் என்று தெரிந்தால் கோயில் கணக்கு விசாரிக்கும் அதிகாரத்தை யாராவது கொடுப்பார்களா?

இந்த இரண்டு நூல்களும் வெளிவந்த பிறகுதான் கல்கி ‘பொன்னியின் செல்வன்’ நாவலுக்காகப் பேனாவை எடுத்தார். 1950 அக்டோபர் 29 தேதியிட்ட கல்கி இதழில் தொடங்கி 1954 வரை, மணியத்தின் ஓவியங்களோடு, ஐந்து பாகங்கள். கதை எங்கே தொடங்குகிறது? ஆடிப் பதினெட்டு அன்று வீரநாராயண ஏரிக்கரையில், குதிரைமேல் வரும் கதாநாயகன் வந்தியத்தேவனோடு. அந்த ஏரிதான் இன்றைய வீராணம்; அதன் பக்கத்து ஊர்தான் உடையார்குடிக் கல்வெட்டு நிற்கும் காட்டுமன்னார்கோயில். கொலை நடந்த இடத்தைக் கல் சொல்லவில்லை. கல்கி அதைக் கடம்பூர் மாளிகைக்குள் வைத்தார். கடம்பூரும் அதே வட்டாரம். ஆதாரம் கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே கதையின் முதல் அத்தியாயத்தையும் கொலையையும் வைத்த அந்த நுட்பத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்பு கூடுகிறது. 

வாரப் பத்திரிகைத் தொடரில் ஒரு கொலையைக் காக்க வைப்பது எப்படி என்று கல்கிக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் பாகத்துக்கே ‘கொலை வாள்’ என்று பெயர் வைத்துவிட்டார். வானத்தில் வால் நட்சத்திரத்தை ஏற்றிவிட்டார். கொலையோ ஐந்தாம் பாகத்தில்தான் நடக்கிறது. இடைப்பட்ட வாரங்களில் வாசகர்களுக்கு ஊகிப்பதைத் தவிர வேறு வேலை என்ன இருந்திருக்கும்? மயிலாப்பூர், மந்தைவெளி வீடுகளில் அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்து வைத்தார்கள். அந்தத் தொகுப்புகள் கைமாறிக் கைமாறிப் பிறகு லஸ் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளுக்கு வந்தன. என் பெரியம்மா வைத்திருந்த தொகுப்பில் ஓரமாக ஒரு பென்சில் குறிப்பு உண்டு. சோழ நாட்டுத் தனாதிகாரி பெரிய பழுவேட்டரையர் சபையில் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் பக்கத்தில், ‘நம்பாதே’ என்று எழுதியிருந்தாள்.

பெரியம்மா சரியாகத்தான் படித்திருந்தாள். கொலை நடக்கும் அறையில் கரிகாலனின் பழைய காதலியும் பழுவேட்டரையரின் மனைவியுமான நந்தினி இருக்கிறாள். மறைவிடத்தில் வந்தியத்தேவன் இருக்கிறான். பாண்டியனின் ஆபத்துதவிகள் வெளியே காத்திருக்கிறார்கள். காளாமுக வேடத்தில் ஓர் உருவம் வருகிறது. பிறகு இருட்டு. பின்னால் பழுவேட்டரையர் ஒப்புக்கொள்கிறார், ஆனால் அது முழு உண்மைதானா, வந்தியத்தேவனைக் காப்பாற்றச் சொன்னதா என்ற ஐயத்தையும் கல்கி எடுத்துவிடவில்லை. அவர் நினைத்திருந்தால் ஒரு வரியில் தீர்த்திருக்கலாம். கல் எதைச் சொல்லாமல் விட்டதோ, அதைத் தானும் சொல்லாமல் விட்டார்.

ஆனால் அவர் ஒரு தீர்ப்பு எழுதாமல் இல்லை. உத்தம சோழன் விஷயத்தில் எழுதினார், அதுவும் எவ்வளவு அழகாக! வரலாற்றாசிரியர்கள் ஒரே மனிதனைக் குற்றவாளி என்றும் நிரபராதி என்றும் பிரிந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கல்கி அந்த ஒரு மனிதனை இரண்டு பேராக்கினார். அரியணை ஆசை பிடித்த மதுராந்தகன் ஒருவன். பூக்கூடையோடு கோயிலுக்குப் போகும் சேந்தன் அமுதன் இன்னொருவன். அரசி செம்பியன் மாதேவி வளர்த்தவன் முதலாமவன், அவள் பெற்றவன் இரண்டாமவன் என்று கடைசியில் தெரியவருகிறது. உத்தம சோழனாக முடிசூடுவது சேந்தன் அமுதன். சதிகாரர்களோடு பழகியவனும் வரலாற்றில் ஆண்டவனும் வேறு வேறு ஆட்கள். சாஸ்திரியின் ஐயத்துக்கு மதுராந்தகன் பதில். பண்டாரத்தாரின் மறுப்புக்குச் சேந்தன் அமுதன் பதில். ஊரெல்லாம் கட்டிய கோயில்களால் நினைக்கப்படும் அந்தத் தாயின் பெயருக்கும் களங்கம் வராது. தமிழில் இந்த வழக்கைப் பற்றி வந்த தியரிகளிலேயே முதன்மையானது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடர் முடிந்ததும் வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. திடீரென்று முடித்துவிட்டதாகக் குறைப்பட்டார்கள், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5இல் அவர் மறைந்தார். இனிக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை என்றானதும் விவாதம் முழுக்க வாசகர்கள் கைக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எழுத்தாளர்களே வாசகர்களாகி வழக்கை எடுத்துக்கொண்டார்கள். விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கதையைத் தொடர்ந்தார். மயிலாப்பூர்க்காரரான பாலகுமாரன் ‘கடிகை’யில் இந்தக் கொலையையே எடுத்துக்கொண்டார். காலச்சக்கரம் நரசிம்மா ‘சங்கதாரா’வில் ஐயத்தைக் கரிகாலனின் தங்கை குந்தவைமீதே திருப்பியபோது எங்கள் வீட்டில் இரண்டு நாள் சண்டை, பெரியம்மா அந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்றாள். கல்வெட்டு அறிஞர் குடவாயில் பாலசுப்ரமணியன் உடையார்குடிக் கல்வெட்டை மறுபடி படித்து, அது அடிப்படையில் நில விற்பனையையும் அறக்கொடையையும் பற்றியது, தண்டனை எப்போது கொடுக்கப்பட்டது என்பதற்கு அதையே சான்றாக்க முடியாது என்ற பக்கம் வாதத்தை நகர்த்தினார். உத்தம சோழன் காலத்தில் தண்டனையே இல்லை என்ற பழைய வாதத்தின் அடியே அசைகிறது.

1990களின் பின்பாதியில் இதே பழக்கம் தொலைக்காட்சிக்கு வந்தது. கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ சன் டிவியில் வந்த காலம். அதில் ‘விடாது கருப்பு’ ஓடியபோது, குதிரையில் வந்து தண்டிப்பது தெய்வமா மனிதனா, மனிதன் என்றால் ஊரில் யார் என்பதுதான் மறுநாள் பேச்சு. பள்ளி வேனில் ஏறும் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு சந்தேகம் இருந்தது. அடுத்த பகுதிக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்பதால் ஒரு வாரம் யோசித்தார்கள். முகம் தெரியாத கொலையாளி, ஊரே சந்தேகப் பட்டியல், தவணை முறையில் வரும் உண்மை. அந்தப் பிள்ளைகளின் பாட்டிகள் கடம்பூர் மாளிகையில் இதையெல்லாம் ஏற்கெனவே பயின்றவர்கள். ஒரு வித்தியாசம், கருப்பு யார் என்று தொடர் கடைசியில் சொல்லிவிட்டது. அதனால் அந்த விவாதம் இனிய நினைவாக நின்றுவிட்டது. கரிகாலன் வழக்கு மட்டும் ஓய்வதாக இல்லை.

மேடையும் திரையும் வந்த பிறகு கட்சிகள் மாறின. 1999இல் மேஜிக் லான்டர்ன் குழு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நாவலை நாடகமாக்கியது. அதற்கு நாடகம் எழுதிய குமரவேல், பிறகு மணிரத்னத்தோடும் ஜெயமோகனோடும் படத்தின் திரைக்கதையில் சேர்ந்துகொண்டார். படம் ஒரு பெரிய முடிவை எடுத்தது: ஆள்மாறாட்டம் வேண்டாம் என்று விட்டுவிட்டது. படத்தில் உத்தம சோழனாக முடிசூடுவது மதுராந்தகனேதான். இருட்டும் போயிற்று, கொலை நந்தினியின் கைக்கும் கரிகாலனின் விருப்பத்துக்கும் இடையில், வெளிச்சத்தில் நடந்தது. ஆகவே படம் மட்டும் பார்த்த பையனுக்குக் கொலையில் மர்மம் இல்லை, சேந்தன் அமுதனின் அருமையும் தெரியாது. மாமிக்குக் கோபம் வந்தது அதனால்தான். நாவலைப் படித்தவர்களும் படத்தைப் பார்த்தவர்களும் ஒரே வழக்கைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு வழக்குகளைப் பேசுகிறார்கள்.

இந்த விவாதம் சாதிச் சண்டையாக மாறும் இடங்களில் எனக்கு வருத்தம் உண்டு. கல்லில் வரும் பெயர்களைப் பிடித்துக்கொண்டு பிராமண சமூகத்தையே குற்றக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அந்தக் கட்டளையை நிறைவேற்றிய சபையும் சதுர்வேதிமங்கலத்துப் பிராமணர்களுடைய சபைதான் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

நான் எந்தக் கட்சி? பாண்டியப் பழி மட்டும் போதாது என்று நினைக்கிறேன். பிரமாதிராசன் என்ற பட்டம் வாங்கிய அதிகாரிகள் இளவரசனைக் கொல்லும் அளவுக்குத் துணிந்தார்கள் என்றால் உள்ளே யாரோ கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். அது உத்தம சோழன் என்று சொல்ல எனக்குச் சான்று போதவில்லை. பெரியவரிடம் இதைச் சொன்னேன். “அப்போ திறந்தது யாரு, அதைச் சொல்லும்” என்றார். அவருக்கு அடுத்த வாரம் ‘கடிகை’ கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். மாமி பையனுக்கு ஐந்து பாகங்களையும் கொடுத்துவிட்டாள், அவன் இரண்டாம் பாகத்தில் இருக்கிறான், படகோட்டிப் பெண் பூங்குழலிதான் இதில் ஏதோ மறைக்கிறாள் என்கிறான்.