சிறுமியருக்கும் ஓர் உலகக் கிண்ணம்



தோட்டப் பள்ளிகளில் பணியாற்றும் நாம் வழக்கமாகக் காணும் காட்சி ஒன்றுண்டு. மாலை வேளையில் திடலில் பையன்கள் பந்து விளையாடுவார்கள். பெண் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள். தங்கள் பக்கம் உருண்டு வரும் பந்தை அவர்கள் உதைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்த உதை நேராகவே போகும். ஆனால், "நீயும் ஆட வா" என்று அழைப்பார் இல்லை. உலகக் காற்பந்தும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது.

1920ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பெண்கள் ஆடிய காற்பந்தாட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். ஓராண்டுக்குள், 1921 டிசம்பரில், அந்நாட்டுக் காற்பந்துச் சங்கம் தன் உறுப்புக் குழுக்களின் திடல்களில் பெண்கள் ஆடுவதற்குத் தடை விதித்தது. அத்தடை நீங்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. பிரேசில் நாட்டிலோ 1941 முதல் 1979 வரை சட்டமே பெண்களைத் தடுத்தது.

பின்னர், 1991இல் சீனாவில் முதல் மகளிர் உலகக் கிண்ணம் நடைபெற்றது. ஆனால், இளையோர் நிலை என்ன? பையன்களுக்கான உலக இளையோர் போட்டி 1977இலேயே துனீசியாவில் தொடங்கிவிட்டது. 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கும் 1985இல் சீனாவில் ஒரு போட்டி அமைந்தது. சிறுமியருக்கு எதுவுமில்லை. போட்டி இல்லையேல் தேசிய இளையோர் குழு எதற்கு? குழு இல்லையேல் பயிற்றுநர் எதற்கு? இப்படியே பல பிள்ளைகளின் ஆட்டம் பள்ளி வயதோடு நின்றுபோயிற்று.

இக்குறையைப் போக்க, 19 வயதுக்குட்பட்ட மகளிருக்கான முதல் உலகப் போட்டியை ஃபிஃபா 2002 ஆகஸ்டில் கனடாவில் நடத்தியது. 12 நாடுகள் பங்கேற்றன. அதற்கான ஆசியத் தகுதிப் போட்டி அதே ஆண்டு இந்தியாவின் கோவாவில் நடந்தது. உலகப் போட்டி என்ற ஒன்று வந்ததும், கண்டந்தோறும் இளம் பெண்களின் குழுக்கள் உருவாயின என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எட்மண்டன் நகரில் நடந்த இறுதியாட்டத்தைக் காண 47,784 பேர் வந்தனர். அமெரிக்கா கூடுதல் நேரத்தில் ஒரே கோலடித்துக் கனடாவை வென்றது. தோற்ற அணியின் கிறிஸ்டீன் சின்கிளேர் அப்போட்டியில் 10 கோல்கள் அடித்திருந்தார். பிற்காலத்தில் அனைத்துலக ஆட்டங்களில் 190 கோல்கள் அடித்தவர் அவரே. பிரேசில் அணியில் 16 வயதுச் சிறுமி ஒருத்தி ஆடினாள். அவள் பெயர் மார்த்தா. அவள் பிறப்பதற்கு ஏழாண்டுகளுக்கு முன்புவரை, அவள் நாட்டில் பெண் பந்தாடச் சட்டப்படி தடை!

2006இல் வயது வரம்பு 20 ஆக உயர்ந்தது. 2008இல் 17 வயதுக்குட்பட்ட சிறுமியருக்கான போட்டி நியூசிலாந்தில் 16 குழுக்களுடன் பிறந்தது. 2025இல் மொரோக்கோவில் அது 24 குழுக்களாக விரிந்தது.

நேயர்களே, 1920இலேயே திறமையும் இருந்தது, கூட்டமும் இருந்தது. இல்லாதது இடம் ஒன்றுதான். இனித் திடலோரம் நிற்கும் நம் பிள்ளையிடம் பந்து உருண்டு வந்தால், அதைத் திருப்பி அனுப்பச் சொல்லாமல், உள்ளே வந்து ஆடச் சொல்வோம்.