கதிர் மருத்துவமும் நோயாளர் காப்பும்

நோய் தீர்க்கும் கருவியே நோய் செய்வதும் உண்டு. அதனை அறிந்துகொள்ள மருத்துவ உலகிற்கு எத்துணைக் காலம் சென்றது என்பதை எக்ஸ் கதிரின் வரலாறு காட்டும்.

1895 ஆம் ஆண்டு சேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரிற் பேராசிரியர் றொஞ்சன் அக்கதிரைக் கண்டறிந்தார். அடுத்த சனவரியிலேயே வியன்னா நகரத்தார் இருவர், உடலினின்று பிரிக்கப்பட்ட கையொன்றின் குருதிக்குழாய்களைப் படம் பிடித்தனர். 1927 இல் லிஸ்பன் நகரத்து எகாஸ் மொனிஸ் உயிருள்ளோரின் மூளை நாடிகளைப் படத்திற் கண்டார். 1953 இல் சுவீடன் நாட்டுச் செல்டிங்கர், ஊசி வழியே கம்பியையும் கம்பி வழியே மெல்லிய குழாயையும் நாடியுட் செலுத்தும் முறையை வகுத்தார். 1964 இல் அமெரிக்காவின் போட்லண்ட் நகரிற் சாள்ஸ் டொட்டர், காலை வெட்ட உடன்படாத 82 வயது மூதாட்டியின் நாடியைக் குழாயினாலேயே விரித்து அக்காலைக் காத்தார். நோயைக் காட்டிய கதிர், சிகிச்சைக்கு வழிகாட்டும் விளக்குமாயிற்று.

அக்கதிரின் தீங்கை முதலில் அனுபவித்தோர் அதனைக் கையாண்டோரே. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி 1904 இல் அதனால் மாண்டார். 1936 இல் ஹம்பேர்க் நகரில் இத்தகையோருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. பின்னர் ஈயக் கவசமும் அளவு வரம்பும் பணியாளரைக் காத்தன. நோயாளருக்கோ வரம்பு விதிக்கப்படவில்லை. விதித்தால் உயிர்காக்கும் சிகிச்சை இடையில் நின்றுவிடும் என்பதே காரணம்.

இந்நிலையில் ஓர் இடர் மறைந்திருந்தது. சிக்கலான சிகிச்சை நீளும்போது கதிர் தோலின் ஒரே இடத்தில் நெடுநேரம் படும். அதன் அளவு ஏறத்தாழ 2 கிறேயைக் கடந்தால் தோல் சிவக்கலாம். மிகவும் கூடினாற் புண்ணாகும். ஆழ்ந்த புண்ணோ வாரங்களும் மாதங்களும் கழிந்தே தோன்றும். அதற்குள் நோயாளர் இல்லம் ஏகியிருப்பர். முதுகிற் புண்ணைக் காணும் வேறொரு மருத்துவர் அதன் காரணம் அறியார். காரணமானவரோ புண்ணை அறியார்.

1994 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இத்தகைய காயங்களைக் குறித்து மருத்துவரை எச்சரித்தது. 2006 முதல் அந்நாட்டிற்கெனச் செய்யப்படும் புதிய கருவிகள் கதிரளவைக் காட்டவேண்டும் என்பதும் விதியாயிற்று. கதிரை விட்டுவிட்டுச் செலுத்துதல், கற்றையைச் சுருக்குதல், கோணத்தை மாற்றுதல், படம் வாங்கும் பலகையை உடலுக்கு அண்மையில் வைத்தல் என்பன அளவைக் குறைக்கும். அளவு 5 கிறேயை எட்டின், அதனைப் பதிந்து, நோயாளருக்கும் உரைத்து, தோலைப் பின்னாளிலும் பார்த்தல் நெறியாகும்.

கண்ணுக்குப் புலனாகாத கதிருக்கு எழுதிவைத்த எண்ணே சாட்சி. வரம்பு இல்லாதவிடத்து அளந்தறிதலே அறமாகும்.