ஆல்பாவின் இலையுதிர்காலம்

ஆல்பா, வடமேற்கு இத்தாலியில் பியமோந்தே மாநிலத்தின் குனியோ மாவட்டத்தைச் சேர்ந்த சிறு நகரம். தானரோ ஆற்றின் வலக்கரையில், லாங்கே எனப்படும் திராட்சைக் குன்றுகளின் அடிவாரத்தில் உள்ளது. மக்கள்தொகை சுமார் 31,000. அக்டோபரிலும் நவம்பரிலும் இந்நகரத்துக்குப் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிகிறார்கள். அவர்களை இழுத்துவருவது வெள்ளை ட்ரஃபிள் என்னும் நிலத்தடிப் பூஞ்சையின் மணம். நம்மூர் இனிப்புக் கடைகளில் கிடைக்கும் சாக்லேட் ட்ரஃபிளுக்கும் இதற்கும் உருவத்தில் உள்ள சாயலைத் தவிர வேறு உறவில்லை. ஆல்பாவின் வரலாற்றில் நினைவில் நிற்கும் நாட்கள் பலவும் இதே பருவத்தில்தான் அமைந்தன. அதனால் இந்த நகரத்தை அறிய விரும்புகிறவர் அதன் இலையுதிர்காலத்திலிருந்து தொடங்குவதே சரி.

பழைய நகரம்

உரோமானியர் காலத்தில் இதன் பெயர் ஆல்பா பொம்பேயா. கி.பி. 193இல் 87 நாட்கள் மட்டும் பேரரசராக இருந்து, தன் காவற்படையினராலேயே கொல்லப்பட்ட பெர்த்தினாக்ஸ் இங்கே பிறந்தவர். இடைக்காலத்தில் செல்வக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கொண்டு செங்கல் கோபுரங்களை எழுப்பின. ‘நூறு கோபுர நகரம்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கோபுரங்களில் மிஞ்சியவை சிலவே.

அண்டை நகரமான ஆஸ்தியோடு ஆல்பாவுக்குப் பழைய பகை. 1275இல் ஆஸ்திப் படையினர் ஆல்பாவை முற்றுகையிட்டு, அதன் மதிலுக்கு வெளியே குதிரைப் பந்தயம் ஓட்டி அவமானப்படுத்தினார்கள். அதற்கான பதில் 1932இல்தான் வந்தது. ஆஸ்தியின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயத்தைக் கேலி செய்து ஆல்பா மக்கள் கழுதைப் பந்தயம் நடத்தினார்கள். இடையில் நின்றுபோன அந்தப் பந்தயம் 1967இல் மீண்டும் தொடங்கியது. இப்போது அக்டோபர் தொடக்கத்து ஞாயிறு ஒன்றில் நகரத்தின் பேட்டைக்காரர்கள் இடைக்கால உடை அணிந்து ஊர்வலம் வந்து, நகர மாட்டேன் என்று நிற்கும் கழுதைகளைத் தள்ளியும் கெஞ்சியும் ஓட்டுகிறார்கள். வரலாற்றுப் பகை இப்படிச் சிரிப்பாக முடிந்த ஊர்கள் உலகில் அதிகம் இல்லை.

வெள்ளை ட்ரஃபிள்

ஓக், பாப்லர், வில்லோ, லிண்டன் போன்ற மரங்களின் வேரோடு ஒட்டி வாழ்வது இந்தப் பூஞ்சை. மண்ணிலிருந்து நீரையும் தாதுக்களையும் உறிஞ்சி வேருக்குக் கொடுக்கிறது. மரம் தன் இலையில் சமைத்த சர்க்கரையைப் பதிலுக்குத் தருகிறது. நிலத்துக்கு மேலே குடை விரிக்கும் காளான்களின் வித்துத்தூள் காற்றில் பறந்து பரவும். மண்ணுக்குள் கிடக்கும் ட்ரஃபிளுக்கு அந்த வழி இல்லை. விலங்கு ஒன்று தோண்டித் தின்று, வித்தை வேறிடத்தில் கழித்தால்தான் அதன் குலம் தழைக்கும். அதற்காகவே முற்றியதும் அடர்ந்த மணத்தை வெளிவிடுகிறது. பூண்டையும் வைக்கோலையும் தேனையும் ஒன்றாக நினைவுபடுத்தும் அந்த மணத்துக்குக் கந்தகச் சேர்மங்கள் காரணம். முற்றாத ட்ரஃபிள் அப்படி மணப்பதில்லை. எனவே எவ்வளவு தேர்ந்த நாயாக இருந்தாலும் அதன் மேல் கால் வைத்துக் கடந்து போய்விடும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் தூரினோவை ஆண்ட சவோய் அரச குடும்பத்தினர் வெளிநாட்டு விருந்தினர்களை ட்ரஃபிள் தேடலுக்கு அழைத்துச் செல்வதை ஒரு பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள். 1788இல் வித்தோரியோ பிக்கோ இவ்வகையை அறிவியல் முறையில் விவரித்து ‘தூபெர் மக்னாத்தும்’ என்று பெயரிட்டார். பெருந்தனக்காரர்களின் ட்ரஃபிள் என்பது அதன் பொருள். இதைத் தின்றவர்கள் பெருந்தனக்காரர்களாக இருக்கலாம். தேடி எடுத்தவர்கள் உழவர்கள். பியமோந்தே பேச்சுமொழியில் அவர்களுக்கு ‘திரிஃபுலாவ்’ என்று பெயர். அவர்களுடைய துணை ‘தபுய்’, அதாவது சாதி கலந்த நாட்டு நாய். ஆல்பாவுக்கு அருகிலுள்ள ரோத்தி கிராமத்தில் இந்த நாய்களைப் பழக்குவதற்கென்றே 1880இல் தொடங்கிய பள்ளி ஒன்று உண்டு. ஊர்க்காரர்கள் அதைப் பல்கலைக்கழகம் என்றே அழைக்கிறார்கள்.

முன்பு பன்றிகளையும் இதற்குப் பயன்படுத்தினார்கள். பன்றியின் மோப்பம் கூர்மையானது. ஆனால் அது நிலத்தைக் கிளறிச் சிதைத்து, கிடைத்ததை விழுங்கியும் விடும். நாய்க்கு ட்ரஃபிள் மேல் ஆசை இல்லை. எசமானர் தரும் ரொட்டித் துண்டு அல்லது பிஸ்கட்டின் மேல்தான் ஆசை. 1985இல் இயற்றப்பட்ட இத்தாலியச் சட்டம், பழக்கிய நாயைக் கொண்டே தேட வேண்டும், உரிய சிறு மண்வெட்டியால் மட்டுமே தோண்ட வேண்டும், தோண்டிய குழியை மூடிவிட வேண்டும் என்று விதித்தது. தேடுபவர் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும்.

கறுப்பு ட்ரஃபிளைத் தோப்பு வைத்து வளர்க்கிறார்கள். வெள்ளை வகை அவ்வளவு எளிதாகக் கைவசப்படுவதில்லை. ஓடையோரத்து ஈரமும் சுண்ணாம்பு மண்ணும் கோடை மழையும் ஒன்றுகூடினால்தான் விளையும். 2022 போன்ற கடும் வறட்சி ஆண்டுகள் திரிஃபுலாவ்களைக் கலங்கவைத்ததற்கு இதுவே காரணம்.

சந்தை உருவான கதை

இன்றைய ஆல்பா இலையுதிர்காலத்தை உண்டாக்கியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் ஜாக்கோமோ மொர்ரா. விடுதியும் உணவகமும் நடத்தியவர். 1920களின் இறுதியில், திராட்சை அறுவடை விழாவோடு சேர்த்து, சிறந்த ட்ரஃபிள்களைக் காட்சிக்கு வைத்துப் பரிசளிக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். அது தனிச் சந்தையாக வளர்ந்தது. மொர்ராவின் கூர்மை இன்னொன்றில் இருந்தது. ஆண்டின் மிகச் சிறந்த ட்ரஃபிளை விற்காமல், உலகப் புகழ் பெற்ற ஒருவருக்குப் பரிசாக அனுப்பினார். 1949இல் நடிகை ரீட்டா ஹேவொர்த்துக்கும், 1951இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமனுக்கும் அப்படிப் போய்ச் சேர்ந்தது. ட்ரூமனுக்குச் சென்றது இரண்டரை கிலோ எடை. செய்தித்தாள்கள் எழுதின. அதுவரை பியமோந்தே வீடுகளின் பருவ உணவாக இருந்த பொருள் ‘ஆல்பா ட்ரஃபிள்’ என்ற ஊர்ப்பெயரோடு உலகம் சுற்றியது. இது லாங்கே முழுவதிலும், அதைச் சுற்றிய குன்றுகளிலும் கிடைப்பது. ஆல்பாவின் பெயர் அதன்மேல் நிலைத்தது மொர்ராவின் உழைப்பால்.

1944, 1994

பயணக் கையேடுகள் ஓரிரு வரியில் கடந்துவிடும் இலையுதிர்காலங்கள் இரண்டு உண்டு. இரண்டையும் அறியாமல் ஆல்பாவை விட்டுப் போகக் கூடாது.

1944 அக்டோபர் 10 அன்று, பாசிசப் படையினர் நகரத்தைவிட்டு வெளியேற, குன்றுகளில் மறைந்திருந்த எதிர்ப்புப் போராளிகள் ஆல்பாவுக்குள் நுழைந்தார்கள். நாசிகளின் பிடியில் இருந்த வட இத்தாலியின் நடுவே அது ஒரு சுதந்திர நகரமாயிற்று. 23 நாட்கள். நவம்பர் 2 அன்று, மழையிலும் சேற்றிலும் நடந்த சண்டைக்குப் பின் பாசிசப் படை நகரத்தை மீண்டும் பிடித்தது. அப்போராளிகளில் ஒருவர், ஆல்பாவில் 1922இல் பிறந்த பெப்பே ஃபெனோலியோ. 1952இல் வெளிவந்த அவருடைய முதல் கதைத் தொகுப்பு இந்த 23 நாட்களையே தலைப்பாகக் கொண்டது. போராளிகளை வீரச் சிலைகளாக்காமல், பயமும் பசியும் வாலிப ஆடம்பரமும் உள்ள மனிதர்களாகவே அதில் எழுதினார். அந்த நேர்மை அன்றைய இடதுசாரிப் பத்திரிகையாளர்களுக்குக் கசந்தது. அதனால்தான் அந்த நூல் இன்றும் நிற்கிறது என்பது என் எண்ணம்.

போருக்குப் பின், 1946இல், பியேத்ரோ ஃபெரேரோ இங்கே தன் நிறுவனத்தைத் தொடங்கினார். கொக்கோவுக்குத் தட்டுப்பாடு. குன்றுகளிலோ ஹேசல்நட் தாராளம். கொட்டைகளை அரைத்துக் கொக்கோவோடு கலந்து அவர் செய்த மலிவான இனிப்புக் கட்டியிலிருந்து 1964இல் நியூட்டெல்லா பிறந்தது. வறிய குன்றுக் கிராமங்களின் இளைஞர்கள் பலருக்கு ஊரைவிட்டுப் போகாமல் வேலை கிடைத்தது. காற்று வாட்டமாக வீசும் நாட்களில் தெருவில் சாக்லேட் வாசனை வரும்.

1994 நவம்பர் 5, 6 நாட்களில் பெருமழையால் தானரோ கரை உடைத்தது. பியமோந்தேயில் 70 பேர் இறந்தார்கள். ஃபெரேரோ ஆலைக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. தொழிலாளர்கள் தாங்களாகவே வந்து சேற்றை வாரி இயந்திரங்களைக் கழுவினார்கள்.

இன்று

ட்ரஃபிள் சந்தை அக்டோபரிலிருந்து ஏறத்தாழ டிசம்பர் தொடக்கம் வரை, வார இறுதிகளில், மதலேனா முற்றத்தில் நடக்கிறது. பயிற்சி பெற்ற நடுவர்கள் ஒவ்வொரு ட்ரஃபிளையும் தொட்டும் முகர்ந்தும் பார்த்தே விற்பனைக்கு விடுகிறார்கள். வாங்குபவரும் முகர்ந்து பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். கெட்டியாக இருக்க வேண்டும், அமோனியா நெடி வரக் கூடாது. இதைச் சமைப்பதில்லை, சூட்டில் மணம் போய்விடும். முட்டை மஞ்சளை மிகுதியாகச் சேர்த்துப் பிசைந்து, மெல்லிழையாக வெட்டிய ‘தயரின்’ பாஸ்தாவின் மேலோ, பொரித்த முட்டையின் மேலோ பச்சையாகச் சீவிப் போடுகிறார்கள்.

அருகில் கிரின்சானே கவூர் கோட்டையில் 1999 முதல் உலக ட்ரஃபிள் ஏலம் நடக்கிறது. இத்தாலியை ஒன்றிணைத்தவர்களில் முதன்மையான கவூர், இளமையில் 17 ஆண்டுகள் அச்சிற்றூரின் தலைவராக இருந்தார். சுற்றியுள்ள குன்றுகளில் அக்டோபரில் பறிக்கப்படும் நெபியோலோ திராட்சையிலிருந்து பரோலோ, பார்பரெஸ்கோ ஒயின்கள் உருவாகின்றன. அத்திராட்சையின் பெயர் மூடுபனியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். திராட்சைக் குன்றுகளை 2014இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2021இல் இத்தாலியின் ட்ரஃபிள் தேடும் அறிவும் மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்ந்தது.

பயணிகளுக்குப் பகலில் நடத்தப்படும் தேடல் பெரும்பாலும் காட்சிக்கானது. உண்மையான திரிஃபுலாவ் இரவில் போகிறார். இருட்டில் நாயின் கவனம் சிதறாது என்பது ஒரு காரணம். எந்த மரத்தடியில் கிடைக்கிறது என்பதைப் பக்கத்து வீட்டார் பார்த்துவிடக் கூடாது என்பது இன்னொன்று. தந்தை மகனுக்கு மட்டும் காட்டிக்கொடுக்கும் மரங்கள் அவை. எடுத்ததும் குழியில் மண்ணைத் தள்ளி மூடி, மேலே சருகைப் பரப்பிவிட்டு வருகிறார். அடுத்த ஆண்டு அதே வேரில் மீண்டும் பிடிக்கும்.