பட்டுப்புழு தந்த தூண்டில் இழை

மிதக்கும் செயற்கை ஈயை டிரவுட் மீன் நம்புவதும் நம்பாததும் அதன் முன்னே கட்டிய லீடர் என்னும் மெல்லிய இழையைப் பொறுத்தது. கடையில் நைலான் லீடரை எடுக்கும்போதெல்லாம் ஸ்பெயினின் முர்சியாவை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

19ஆம் நூற்றாண்டில் அங்கே, கூடு கட்டவிருந்த பட்டுப்புழுக்களைக் காடியில் ஊறவைத்தார்கள். பிறகு பட்டுச் சுரப்பியை உருவியெடுத்து, கையால் இழுத்து நீட்டிக் காயவைத்தார்கள். கிடைத்த இழை ஓரடியை ஒட்டியே இருக்கும். அதனால் பல இழைகளை முடிச்சிட்டு, தடிப்பில் தொடங்கி மெலிவில் முடியும் லீடராக்கினார்கள். இழையை இன்னும் மெலிதாக்க, உலோகத் தகட்டின் துளைகள் வழியே இழுத்தார்கள். லீடர் நுனியின் தடிமனைக் குறிக்கும் இன்றைய எக்ஸ் அளவுகள் அந்த வேலையின் மிச்சம். எண் கூடினால் நுனி மெலியும். 5எக்ஸ் என்றால் 0.006 அங்குலம்.

தூண்டில் எழுத்தாளர் ஹால்ஃபோர்டு 1886இல் மிதக்கும் ஈக்களைப் பற்றி நூல் எழுதிய காலத்தில், ஹாம்ப்ஷயரின் டெஸ்ட் ஆற்றில் பயன்பட்டது இந்தப் பட்டிழைதான். காய்ந்தால் முறியும் என்பதால் அதை ஈரப்பெட்டியில் வைத்துக் காத்தார்கள். டியூபாண்ட் 1938இல் நைலானை அறிவித்தது; அதன்பின் முர்சியாவின் தொழில் தேய்ந்தது.

இழையை ஈரமாக வைத்துக் காக்கும் வேலை போனாலும், நுனியின் தேர்வு நம்முடையதே. 16ஆம் எண் ஈக்கு நான் 5எக்ஸ் கட்டுகிறேன். புதியவர்களும் ஈயின் அளவைப் பார்த்த பிறகே நுனியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.