பட்டு ரோஜா: ராதாபுரம் வாசல்களில் தரையோடு படரும் ஒரு செடி குறித்த ஆய்வு

1. இரண்டு செடிகள், ஒரு பெயர்

ராதாபுரம் வட்டாரத்தில் ரோஜாச்செடி இருக்கிறதா என்று கேட்டால், வீட்டுக்காரர் இரண்டில் ஒன்றைக் காட்டுவார். ஒன்று, தொட்டியிலோ கிணற்றடியிலோ நிற்கும் பன்னீர் ரோஜா. மற்றது, நடைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் இடையே தரையோடு தரையாகப் படர்ந்து, வெயில் ஏறியதும் சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சுமாக விரியும் டேபிள் ரோஸ். பட்டு ரோஜா, பத்துமணிப்பூ என்பவையும் இதன் பெயர்களே.

தாவரவியலில் இரண்டுக்கும் உறவில்லை. பன்னீர் ரோஜா ரோசேசியே குடும்பம். பட்டு ரோஜாவின் பெயர் போர்ச்சுலாக்கா கிராண்டிஃப்ளோரா. மழை பெய்ததும் தோட்டத்தில் தானாக முளைக்கிற பருப்புக்கீரையின் நேர்ப் பங்காளி அது. அதனால் இதை ரோஜா என்பது பிழை என்று சொல்லிவிடலாம். ஆனால் மேலை நாடுகளில் சிறிய முன்தோட்டத்துக்குத் தரைப்படர் ரோஜாவை எதற்காக நடுகிறார்களோ, அந்தப் பயன் அத்தனையையும் இந்த மண்ணில் தருவது இந்தச் செடிதான். பெயர் வைத்தவர்கள் குடும்பத்தைப் பார்க்கவில்லை, வேலையைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது சரி என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. களம்: காற்று, மண், தண்ணீர்

மூன்றில் முதலில் சொல்ல வேண்டியது காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஒரு வாசல். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, அந்த வாசல் வழியே நெருக்கியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் பாய்கிறது. முப்பந்தல் தொடங்கிப் பணகுடி, ராதாபுரம் வரை காற்றாலைகள் நிற்பதற்கு அதுவே காரணம். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் காற்று ஓயாது. மழையோ தூறலோடு நின்றுவிடும். ஈரம் இழந்த காற்று இலைக்கு மேலே இடைவிடாமல் ஓடும்போது, வேர் உறிஞ்சித் தருவதைவிட வேகமாக இலை தண்ணீரை இழக்கிறது. ஆடி மாதத்தில் இங்குள்ள ரோஜா இலையின் ஓரத்தைப் பார்த்தால் தீயில் வாட்டியதுபோலக் கருகியிருக்கும். பலர் அதை நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். நோய் அல்ல, காற்றுதான்.

அதே காற்று தரையை ஒட்டி வேகம் குறைந்து ஓடும். மண்ணும் கல்லும் உரசி அதைத் தடுக்கின்றன. இடுப்பளவு நிற்கும் செடி படும் பாட்டை நான்கு விரல் உயரச் செடி படுவதில்லை. இந்த ஊருக்குத் தரைப்படர் செடியே ஏற்றது என்பதற்கு அழகைக் காட்டிலும் பெரிய காரணம் இது.

மண் பெரும்பாலும் செம்மண். கிழக்கே திசையன்விளை, குட்டம், உவரி என்று போகப் போகத் தேரிமணல். தண்ணீர் ஊற்றியதும் உள்ளே இழுத்துக்கொள்ளும், தக்கவைக்காது. மழைக்கு வடகிழக்குப் பருவத்தைத்தான் நம்ப வேண்டும். பேச்சிப்பாறைத் தண்ணீர் ராதாபுரம் கால்வாயில் வந்தால் குளங்கள் நிறையும், வயல்கள் பிழைக்கும். வீட்டு வாசலுக்கு அது வராது. வாசலுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஆழ்துளைக் கிணற்று நீர். பல தெருக்களில் அது உப்பு.

3. உண்மையான தரைப்படர் ரோஜா இங்கே நிலைக்குமா

தரைப்படர் ரோஜா வகைகள் பலவற்றின் மூதாதை ஜப்பானியக் கடலோரங்களில் கிடந்து வளரும் ரோசா விச்சுரானா. கொடி போன்ற அதன் தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும். ஜெர்மனியில் வெர்னர் நோவாக் உருவாக்கி 1980-களின் இறுதியில் வெளிவந்த 'ஃபிளவர் கார்ப்பெட்' வகை உலகம் முழுதும் பரவியது. மருந்தடிக்க வேண்டாம், கவாத்துக்கு நுணுக்கம் வேண்டாம் என்பதே அதன் பெருமை.

அந்தப் பெருமை குளிர்நாட்டுக் கணக்கு. அங்கே குளிர்காலத்தில் செடி இலை உதிர்த்து உறங்குகிறது, பூச்சியும் அடங்குகிறது, மழை ஆண்டு முழுதும் பகிர்ந்து பெய்கிறது. பராமரிப்பில் பாதியை வானிலையே செய்துவிடுகிறது. ராதாபுரத்தில் செடிக்கு உறக்கமே இல்லை. பன்னிரண்டு மாதமும் துளிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குத் தண்ணீரும் உரமும் கேட்கும். பங்குனி, சித்திரை வறட்சியில் இலையடியில் சிவப்புச் சிலந்தி அடைகிறது. ரோஜா உப்புக்கு அஞ்சும் செடி. உப்புத் தண்ணீர் தொடர்ந்து ஊற்றினால் இலைநுனி காய்ந்து, பூ சிறுத்து, இரண்டு ஆண்டில் குச்சியாகிவிடும். இதற்கு மேல் முள். ஆறடி அகல வாசலில் முள்படுக்கை இருந்தால் வேப்பஞ்சருகும் காற்றில் பறந்து வந்த பாலித்தீன் பையும் அதற்குள் சிக்கிக் கிடக்கும். கைவிட்டு எடுக்க முடியாது.

தமிழ்நாட்டில் ரோஜாவுக்கு இடமில்லை என்று இதற்குப் பொருளல்ல. நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் ரோசா லெஷனால்டியானா என்ற வெள்ளைக் காட்டு ரோஜா இயல்பாகவே கொடியோடுகிறது. உதகை ரோஜாப் பூங்கா உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பிடம் 2006-இல் சிறப்பு விருது பெற்றது. கொடைக்கானலில் எம்.எஸ்.வீரராகவன், வெப்பநாட்டுக்கு வெப்பநாட்டு ரோஜாதான் வேண்டும் என்று பல ஆண்டுகளாக வாதாடி, இந்தியாவின் ஈரநிலக் காட்டு ரோஜாவான ரோசா கிளைனோஃபில்லாவைக் கலந்து புது வகைகளை உருவாக்கினார். அந்த வழியில் ஒரு நாள் சமவெளிக்கு ஏற்ற தரைப்படர் ரோஜா கிடைக்கலாம். நான் அதை ஆவலோடு எதிர்பார்க்கிறேன். அதுவரை, ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் வீட்டில், சுவரின் கிழக்கு மறைவில் ஒரே ஒரு பன்னீர் ரோஜா போதும். தரையைப் பட்டு ரோஜாவுக்கு விட்டுவிடலாம்.

4. பட்டு ரோஜாவின் இயல்பு

4.1 வந்த வழி. இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர், ஆண்டு 1829. செடியைக் கண்டுபிடித்து அனுப்பியவர் அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் வாழ்ந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் கில்லீஸ். மலையடிவாரத்துக்கும் சமவெளிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான வறண்ட நிலத்தில், தரையே ஊதா நிறமாகத் தெரியும் அளவுக்கு அது படர்ந்திருந்ததாகவும், நடுநடுவே ஆரஞ்சுப் பூக்கள் தெரிந்ததாகவும் அவருடைய குறிப்பு சொல்கிறது. மேற்கே மலை, மலைமறைவில் மழையற்ற மணல்: படிக்கும்போது தேரிக்காட்டில் நிற்பதுபோலவே இருக்கிறது. இந்தச் செடி இங்கே வந்தேறி என்றாலும், தன் ஊரைப் போன்ற ஊருக்குத்தான் வந்திருக்கிறது.

4.2 தண்ணீர்ச் சிக்கனம். ஊசி போன்ற தடித்த இலைக்குள் தண்ணீர் சேமிப்பு உண்டு. அதைவிட வியப்பானது அது உணவு தயாரிக்கும் முறை. சோளமும் கரும்பும் வெயிலைத் தாங்கக் கையாளும் சி4 முறை இதனிடம் உண்டு. வறட்சி மிகும்போது, கள்ளிச்செடிகளைப்போல இரவில் கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும் முறைக்கும் அது கை நீட்டுகிறது. இந்த இரண்டும் ஒரே செடியில் அமைவது மிக அரிது. பங்காளியான பருப்புக்கீரையில் இரண்டும் ஒரே செல்லுக்குள் இணைந்தே நடக்கின்றன என்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் காட்டினார்கள்.

4.3 பத்து மணி. கேரளத்திலும் இது பத்துமணிப்பூதான். வியட்நாமிய மொழியிலும் இதன் பெயர் பத்துமணி. வெளிச்சமும் சூடும் ஓர் அளவை எட்டும்போது மொட்டு அவிழ்கிறது, பிற்பகலில் மூடிக்கொள்கிறது. ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். நம் ஊர் வாசலில் இதற்கு வேறொரு விளைவும் உண்டு. பிச்சி, அரளி, செம்பருத்தி எதுவானாலும் விடியுமுன் பூக்கூடைக்குப் போய்விடும். வரகுணபாண்டீஸ்வரர் கோவிலுக்கோ வீட்டுச் சாமிப் படத்துக்கோ. விடிந்த பிறகு செடி வெறுமையாக நிற்கும். பட்டு ரோஜா பூசை முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு மலர்கிறது. தொடுத்தால் நிற்காது, தலையில் வைத்தால் வாடும், மணமும் இல்லை. எனவே யாரும் பறிப்பதில்லை. வாசலுக்கென்றே பூத்து வாசலிலேயே முடியும் பூ அது.

விரிந்த ஒற்றையடுக்குப் பூ ஒன்றின் முன் குந்தி, ஓர் ஈர்க்குச்சி நுனியால் நடுவிலுள்ள மகரந்தத் தாள்களை ஒரு பக்கமாக மெல்லத் தொட்டுப் பாருங்கள். தொட்ட பக்கத்தை நோக்கி அவை கூட்டமாகச் சாயும். வந்து அமரும் தேனீயின் உடம்பில் மகரந்தத்தை அப்பிவிடுவதற்கான ஏற்பாடு இது. அடுக்குப் பூக்களில் தாள்கள் இதழாக மாறிவிடுவதால் இந்த அசைவு சரியாகத் தெரியாது. பூ வாடியபின் காயைக் கவனித்தால், சிமிழ் மூடிபோல மேல்பாதி கழன்று விழும். உள்ளே ஈயப்பொடி போல மின்னும் விதைகள்.

5. வளர்ப்பு முறை

குறைந்தது ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். இதில் பேரம் கிடையாது. வடக்குப் பார்த்த வீட்டின் நிழலிலோ வேம்பின் அடியிலோ தண்டு நீளுமே தவிரப் பூக்காது. கிழக்குப் பார்த்த வாசல் சிறந்தது.

மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலக்க வேண்டும். மக்கிய சாணத்தூள் இரண்டு கை போதும். கூடினால் இலைதான் கொழுக்கும். விரல் நீளத் தண்டைக் கிள்ளி, கீழ் இலைகளை உருவிவிட்டு, ஒரு நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்தபின் நட்டால் அழுகாது. சாண் இடைவெளி விட்டு நட்டால் இரண்டு மாதத்தில் தரை தெரியாது. முதல் வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் ஊற்றலாம். அரிசி கழுவிய தண்ணீர் நல்லது. சோப்புத் தண்ணீர் வேண்டாம். தண்டு நடுவில் மொட்டையாகிவிட்டால் தயங்காமல் பாதிக்கு வெட்டி, வெட்டியதைப் பக்கத்திலேயே நட வேண்டும்.

தொல்லைகள் இரண்டு. மாவுப்பூச்சி கணுக்களில் வெள்ளையாக அடையும். தொடக்கத்திலேயே அந்தத் தண்டைக் கிள்ளி அப்புறப்படுத்தினால் போதும். இன்னொன்று கோழி. நல்ல கீரை என்று அதற்குத் தெரியும்.

இவற்றைவிடப் பெரிய எதிரி தேங்கும் தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அப்படிப்பட்ட மழையை விடுங்கள். சாதாரணக் கார்த்திகையில் நான்கு நாள் அடைமழை பெய்தாலே அடித்தண்டு கூழாகிவிடும். ஆகவே ஐப்பசி பிறந்ததும் நிறத்துக்கு நாலு தண்டு கிள்ளி, உடைந்த வாளியிலோ பழைய எண்ணெய் டின்னிலோ மணல் நிரப்பி நட்டு, இறவாரத்துக்குள் நகர்த்தி வைத்துவிட வேண்டும். எந்த நிறம் எது என்று அப்போது இலையைப் பார்த்துத் தெரியாது. பூக்கும் நாளிலேயே தண்டில் அந்தந்த நிற நூல் கட்டிவைத்தால், தைப்பொங்கல் கழிந்து வாசலில் திரும்ப நடும்போது சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சளை வைக்கலாம்.