எல் மரினோ மொழிப் பள்ளி

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில், கல்வர் சிட்டி நகரிலுள்ள அரசு தொடக்கப்பள்ளி. ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய இரண்டில் ஒன்றைப் பயிற்றுமொழியாகக் கொண்ட வகுப்புகள் இதன் சிறப்பு. ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் பாடம் நடத்திய கனடாவின் செயின்ட் லாம்பர்ட் சோதனையைப் பின்பற்றி, இந்நகரில் ஸ்பானிய வகுப்பு 1971இல் வேறொரு பள்ளியில் தொடங்கி, பின்னர் இங்கு வந்தது. மழலையர் வகுப்பில் ஆசிரியர் முதல் நாளே ஸ்பானியத்தில்தான் பேசுவார். புரியாத பிள்ளைக்குப் படமும் சைகையும் துணை. பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் தடையில்லை.

ஊராரின் மதிப்பீடு ஒன்றுபோல் இருந்ததில்லை. ஆங்கில வாசிப்பு பின்தங்குமே என்பது தொடக்ககாலப் பெற்றோரின் கவலை. ஆங்கில வாசிப்புப் பாடம் தொடங்கிய பின் அந்தப் பின்னடைவு ஈடாகிவிடுவதாக மொழியியலாளர் ஆண்ட்ரூ கோஹன் போன்றோரின் ஆய்வுகள் காட்டின. இன்று குறை வேறு: இடம் கிடைப்பது குலுக்கலைப் பொறுத்தது. பிள்ளைகளை விரும்பிச் சேர்க்கும் பெற்றோர் பள்ளிக்கு நன்கொடையை வாரி வழங்க, அருகிலுள்ள மற்றப் பள்ளிகளுக்கு அந்த வசதி வாய்ப்பதில்லை.

இந்தப் பணமே 2012 வாக்கில் பெரிய பூசலைக் கிளப்பியது. பெற்றோர் நன்கொடையில் அமர்த்தப்பட்ட வகுப்பு உதவியாளர்களைத் தங்கள் அமைப்பில் சேர்க்க வேண்டுமென ஊழியர் சங்கம் கோர, செலவு கூடி உதவியாளர்களையே இழப்போம் எனப் பெற்றோர் எதிர்த்தனர். அரசுப் பள்ளியில் ஊதியம் பெறுபவருக்குச் சங்க உரிமை கேட்டதில் நியாயம் இருந்தது; பெற்றோரின் அச்சமும் வெறும் பிடிவாதமன்று.