தபசு என்னும் சொல்

ஆடி மாதத்து உத்திராட நன்னாளில், கரிசல் கிராமங்களின் ஜனங்களெல்லாம் சங்கரன்கோவிலில் திரண்டு, தபசுக் கோலத்தில் எழுந்தருளும் கோமதியம்மையைத் தரிசிக்கக் காத்து நிற்கும் அத்திருவிழாவை, 'தவம்' என்ற சொல் கைவசம் இருக்கவும், நெல்லைச் சீமையார் 'ஆடித்தபசு' என்றே வழங்கி வருகின்றனர். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே: வடமொழித் 'தபஸ்' பிராகிருதத்தின் வழியே பகரம் வகரமாகித் தவமாயிற்று, நேரே வந்தது தபசாயிற்று.

இவற்றின் மூலமான 'தப்' என்னும் தாதுவுக்குக் காய்தல், எரிதல் என்பன பொருள். சூரியனைத் தபனன் என்பதும், வேட்கையைத் தாபம் என்பதும் அதனாலேயே. பிறர் துயர் கண்டு உடன் வெதும்புவது அனுதாபம். செய்த பிழையை நினைந்து பின்னர் வெதும்புவது பச்சாத்தாபம். வெதுவெதுப்பைக் குறிக்கும் 'டெப்பிட்' என்ற ஆங்கிலச் சொல்லும், லத்தீன் வழி வந்த தூரத்து உறவே.

1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப், 27-ஆம் அதிகாரமாகிய தவத்துக்குப் 'பெனன்ஸ்' என்று தலைப்பிட்டார். தமிழை உயிரினும் மேலாக நேசித்த அப்பெரியார்பால் எனக்குள்ள பக்தி குறையாது எனினும், இம்மொழிபெயர்ப்பை ஏற்க மனம் ஒருப்படவில்லை. அச்சொல்லும், அதன் உறவாகிய 'ரிபென்ட்' என்ற வினையும், 'வருந்துதல்' எனப் பொருள்படும் லத்தீன் வினையினின்று பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தவை. பாவம் செய்தவன் மனங்கசிந்து செய்யும் பிராயச்சித்தத்தைச் சுட்டுபவை. அது பச்சாத்தாபம், தபசன்று.

கோமதி செய்த பிழை யாது? சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்னும் நாகர்கள் வாதிட்டு அவளிடம் வர, அரியும் அரனும் ஒன்றாய் நிற்கும் கோலத்தைக் காட்டியருள வேண்டுமென்று புன்னைவனத்தில் அவள் தவமிருந்தாள் என்கிறது தலபுராணம். அங்கே எரிந்தது குற்ற உணர்வன்று; காண வேண்டுமென்ற தாபம்.

'தவமிருந்து பெற்ற பிள்ளை' என்று நம் தாய்மார் சொல்வதிலும் இவ்வெம்மையே இருக்கிறது. வடாற்காட்டுப் பாரதக் கூத்தில் அர்ச்சுனன் வேடதாரி தபசு மரத்தின்மேல் ஏறுவது பாசுபதாஸ்திரத்தை வேண்டியே, கழுவாய் தேடியன்று. ஆடிச்சுற்று என்று நேர்ந்துகொண்டு நூற்றுக்கணக்கான முறை பிராகாரத்தை வலம் வரும் சங்கரன்கோவில் பெண்கள், தங்கள் கால்வலியைத் தவத்தில் நிற்கும் அம்மையே தாங்கிக்கொள்கிறாள் என்று நம்புகிறார்கள். அவர்கள் சுற்றிய பின், மாலையில் ரிஷப வாகனத்தில், அரியும் அரனும் ஒன்றான சங்கரநாராயணர் வந்து அம்மைக்கு எதிர்நிற்க, கூட்டத்திலிருந்து தம் வயலில் விளைந்த பருத்தியையும் வற்றலையும் குடியானவர்கள் சூறை விடுகிறார்கள்.